கீபோர்ட் ஞானத்துக்கு நாங்கள் போட்ட கூச்சல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலை உணவகத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீழே சாப்பாட்டுக் கூட்டம். மேலே நாங்கள், கறுப்பு டீசட்டையில்.

அந்த டீசட்டைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் ஒரு சிவப்பு லோரியின் படம். நாங்கள் காலேஜ் படித்த காலத்தில் அச்சடித்தவை. அந்த உடம்புக்கு வாங்கிய சட்டையை இந்த உடம்பில் மாட்டினால் என்ன ஆகும்? லோரி நீண்டு எக்ஸ்பிரஸ் பஸ் ஆகியிருந்தது. கிள்ளான் மணியத்தின் வயிற்றில் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் இன்னொரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன.

"செல்வி, நீ எப்படி இன்னும் இதுக்குள்ள நுழையிற?" என்று மணியம் கேட்டார்.

"மூச்சு விடலண்ணே, அதான்" என்றேன்.

மூலையில் ஒரு மேசை. அதன் மேல் ஒரு விளக்கு, மாலை போட்ட படம். கறுப்புக் கண்ணாடி, தோள் வரைக்கும் முடி, சிரிப்பே இல்லாத முகம். எங்கள் ஞானம் அண்ணே. பார்த்தால் மலையையே பெயர்த்துவிடுவார் போலிருக்கும். நேரில் பேசினால் குரல் பக்கத்து நாற்காலியைக்கூடத் தாண்டாது.

படத்துக்கு எதிரே முதல் வரிசையில், வெள்ளைச் சேலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி லீலா அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் எங்களிடம் ஒன்று கேட்டிருந்தார். அதை எங்களால் கொடுக்க முடியுமா என்பது அந்த நிமிஷம் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

கோபிஸ் வாசனை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பூனைகளைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் அன்பாகத் திட்டியிருந்தீர்கள். 'செல்வி, பூனையை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வா' என்று ஒரு வாசகி. வந்துவிட்டேன்.

"சிவப்பு லோரி" என்பது துறைமுக ஊரான கிள்ளானில் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த தமிழ் ராக் குழு. பெயருக்குப் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. டிரம்ஸ் வாசித்தவரின் அப்பாவிடம் ஒரு சிவப்பு லோரி இருந்தது. விடியற்காலையில் அது பாசாருக்குக் காய்கறி ஏற்றிப் போகும். மாலையில் இவர்களுடைய ஸ்பீக்கர்களை ஏற்றிப் போகும். அதனால் ஸ்பீக்கர்களில் எப்போதும் லேசாகக் கோபிஸ் வாசனை அடிக்கும். இன்றைக்கும் வீட்டில் முட்டைக்கோஸ் நறுக்கினால் எனக்குக் கிட்டார் சத்தம் கேட்கும்.

அந்தக் காலத்தில் கீபோர்ட் என்றால் கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிப்பதுதான். தமிழில் ராக் என்றால் பெரியவர்கள், "அது என்னா, கத்துறதா?" என்பார்கள். கத்துவதுதான். பாடகர் கத்துவார். கிட்டார்காரர் ஒரு காலைப் பெட்டி மேல் வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறார்களா என்று பார்ப்பார். ஞானம் அண்ணே மட்டும் ஓரத்தில், பேங்க்கில் கணக்கு எழுதுகிறவர் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

அவர்களுடைய பெரிய பாட்டு "பாலத்துக்கு அந்தப் பக்கம்". கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்கு வடக்கே ஒரு பையன், தெற்கே ஒரு பெண். அவ்வளவுதான் கதை. ஆனால் பாட்டின் நடுவில் எல்லோரும் ஓய்ந்துவிடுவார்கள். ஞானம் அண்ணே தனியாக ஆரம்பிப்பார்.

அதை எப்படிச் சொல்வது? தகரக் கூரையில் முதல் தூறல் விழுவது மாதிரி ஒற்றை ஒற்றையாக வரும். பிறகு பிடித்துக்கொள்ளும். பிறகு நாம் நனைந்துகொண்டிருப்போம். அதற்குப் பிறகு பாட்டில் என்ன வந்தது என்று எனக்கு ஒரு நாளும் நினைவு இருந்ததில்லை.

நான் முதலில் அதைக் கேட்டது ஒரு பள்ளி மண்டபத்தில். அம்மாவிடம் கணக்கு டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அம்மா ரொம்ப நாள் நம்பினார். பரீட்சை மார்க் வந்த பிறகுதான், "அந்த டியூஷன் வாத்தியாரை நான் பார்க்கணுமே" என்றார். நானும் பார்க்க ஆசைப்பட்டேன். அப்படி ஒருவர் இல்லையே.

நான் கொமுட்டர்ல வரேன்லா

ரசிகர்களில் இரண்டு கட்சி. கிள்ளான் கட்சிக்குத் தலைவர் மணியம். லோரி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். விரலை வாயில் வைத்து அவர் விசில் அடித்தால் துறைமுகத்தில் கப்பல் திரும்பிப் பார்க்கும். பிரிக்பீல்ட்ஸ் கட்சிக்குத் தலைவி டாக்டர் புவனா. பல் டாக்டர். ஞானம் அண்ணேயைப் பற்றி இணையத்தில் அவர் எழுதிய கட்டுரைகளைச் சேர்த்தால் பல்கலைக்கழகம் இன்னொரு டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டியிருக்கும்.

"பொறந்தது கிள்ளான். அவரு எங்க ஆளு" என்பார் மணியம்.

"அவரைக் கண்டுபிடிச்சது பிரிக்பீல்ட்ஸ்லா. இங்க வாசிச்ச பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சுது" என்பார் புவனா. உலகம் என்று அவர் சொன்னது ஏறக்குறைய, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிற சிரம்பான் வரைக்கும்.

ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து ஞானம் அண்ணேயிடமே கேட்டுவிட்டார்கள். அண்ணே, நீங்க கிள்ளானா, கேஎல்லா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் கொமுட்டர்ல வரேன்லா" என்றார். கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ஓடுகிற ரயில் அது. இரண்டு கட்சியும் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

இன்னொரு கதையும் உண்டு. ரொம்ப வருஷம் கழித்துக் குழு மறுபடி சேர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தியது. அன்றைக்கு ஞானம் அண்ணே தன் பகுதி முழுவதையும் வேறு சுருதியில் வாசித்தார். கிட்டார்காரர் பேயைப் பார்த்தது போல் திரும்பிப் பார்த்தார். புவனா அன்றிரவே நீண்ட கட்டுரை ஒன்று போட்டார். பிரிவின் வலியைச் சொல்ல ஒரு மாபெரும் கலைஞன் சுருதியையே பிரித்துக் காட்டினான் என்றெல்லாம்.

அதற்குக் கீழே ஞானம் அண்ணேயே ஒரு வரி எழுதியிருந்தார். 'முழங்கை பட்டன்ல பட்டுருச்சு. மன்னிக்கவும்.'

புவனா உடனே பதில் போட்டார். 'இந்த அடக்கம்தான் சார் உங்களை எங்கேயோ கொண்டுபோய் வச்சிருக்கு.'

லீலா அக்கா கேட்டது

ஞானம் அண்ணே போனது ஒரு சாதாரண மத்தியானத்தில். சாப்பிட்டார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். லீலா அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையிலேயே, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மணியமும் புவனாவும் நானும் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனோம். நினைவுக் கூட்டம் நடத்த வேண்டும், நீங்கள் வர வேண்டும் என்று கேட்டோம். காரில் போகும்போதே, கூட்டம் கிள்ளானிலா பிரிக்பீல்ட்ஸிலா என்று இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டதில், டோல் சாவடியில் இருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

லீலா அக்கா காப்பி கொடுத்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வீட்டுக்கு வந்த எல்லாரும் அந்த நடுப்பகுதி, அந்த நடுப்பகுதின்னு சொல்லிட்டு அழுவுறாங்க. அது என்னா நடுப்பகுதி?"

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா, நீங்க கேட்டதில்லையா?" என்றார் மணியம்.

"எப்ப கேக்குறது? சனிக்கிழமை ராத்திரியானா எனக்கு எப்பவும் நைட் ஷிப்ட். அப்புறம் மக பொறந்தா. அப்புறம் மாமியாருக்கு முடியாம போச்சு. வீட்டுல காதுல அந்தப் பெரிய ஹெட்போன மாட்டிக்கிட்டுத்தான் வாசிப்பாரு. தன்னோட கேசட்ட வீட்டுல போட மாட்டாரு, வெக்கம். நானும் ஓய்வு எடுத்த பிறகு ஒரு நாளு மேடையில பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அவர் காப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினார்.

"அடுத்த மாசம் மக என்னைய ஜொகூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறா. அதுக்கு முன்னால எனக்கு அத ஒரு தடவ முழுசா போட்டுக் காட்டுறீங்களா?"

"அதுக்கென்னக்கா!" என்றோம் மூன்று பேரும். அவ்வளவு நம்பிக்கையாக நாங்கள் மூவரும் ஒரே சொல்லைச் சொன்னது அன்றைக்குத்தான்.

எங்கே போனது கீபோர்ட்?

முதலில் கேசட்டைத் தேடி எடுத்தோம். புவனாவிடம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒன்று இருந்தது. போட்டோம். பாட்டு வந்தது. நடுப்பகுதி ஆரம்பித்தது. தூறல் விழுந்தது. மழை பிடிக்கப் போகிற நேரத்தில் சத்தம் மெல்லத் தேய்ந்து, டக். கேசட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. இடம் போதவில்லை என்று வெளியிட்டவர்கள் அங்கேயே வெட்டியிருந்தார்கள். இத்தனை வருஷமும் மீதியை நாங்கள் மனசுக்குள்ளேயே போட்டுக் கேட்டிருக்கிறோம், வெட்டியது தெரியாமலே.

சரி, கைப்பேசி வீடியோக்கள் இருக்கின்றன. மறுபடி சேர்ந்த நிகழ்ச்சிகளில் எல்லோரும் எடுத்தோமே. புவனாவின் கிளினிக்கில், நோயாளிகள் போன பிறகு, பல் பிடுங்கும் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

ஒன்றில் மணியத்தின் விசில். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை விசில்தான். இன்னொன்றில் புவனா, "ஞானம் சார், ஐ லவ் யூ!" என்று ஓலமிடுகிறார். அவருடைய ஒழுக்கமான நோயாளிகள் கேட்டால் பல்லைத் தாங்களே பிடுங்கிக்கொள்வார்கள். மூன்றாவதில் ஒரு பெண் குரல், தீப்பிடித்த வீட்டிலிருந்து கத்துவது மாதிரி. "இது யாருலா?" என்றார் மணியம். நான் சுவரில் மாட்டியிருந்த ஈறு நோய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றிலும் ஞானம் அண்ணே இருக்கிறார். விரல்கள் ஓடுவது தெரிகிறது. வாசிப்பது மட்டும் கேட்கவில்லை.

கடைசி வீடியோவும் முடிந்தது. பிறகு மணியம் கேட்டார். "அண்ணே வாசிக்கிறப்ப நாம எங்கதான் இருந்தோம்?"

"பக்கத்துலதான்" என்றார் புவனா. "கத்திக்கிட்டு."

குழுவில் யாருக்காவது நினைவிருக்குமா என்று பார்த்தோம். பாடகர் ஆஸ்திரேலியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். எங்களுக்குப் பதில் அனுப்பவில்லை. கிட்டார்காரர் இப்போது காப்புறுதி முகவர். உடனே கூப்பிட்டார். "அவன் என்னா வாசிச்சான்னு எனக்குத் தெரியாதுலா. அந்த நேரத்துலதான் நான் தண்ணி குடிக்கப் போவேன்" என்றார். கூடவே மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்கிறோமா என்றும் விசாரித்தார்.

கடைசியில் காஜாங் ரவி அகப்பட்டார். கல்யாணங்களுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவர். எல்லா வீடியோக்களையும் அவரிடம் கொடுத்தோம். விசிலுக்கும் ஓலத்துக்கும் அடியில் புதைந்து கிடந்ததை, விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, அவர் தோண்டி எடுத்தார். "உங்க எல்லாரையும் எனக்கு இப்ப குரல வச்சே அடையாளம் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

மாடியில்

இப்போது மறுபடி அந்த மத்தியானம். ரவி வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் லீலா அக்காவின் முகத்தையே பார்த்தோம்.

ஒரு தப்பு இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது. வாசித்து முடித்தார். கைதட்டினோம்.

"நல்லா இருக்கு தம்பி" என்றார் லீலா அக்கா. விருந்துக்குப் போன இடத்தில் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்வோமே, அந்தக் குரலில்.

இதற்கா இவ்வளவு பேர் அழுதீர்கள் என்று அவர் நினைத்துக்கொண்டே ஜொகூர் போய்விடப் போகிறார்.

மணியம் எழுந்துவிட்டார். "பாஸ், கோவிச்சுக்காதீங்க. அந்த மேல போற எடத்துல அண்ணே நிப்பாட்டுவாரு. நீங்க நிப்பாட்டல."

"வீடியோவுல அந்த எடத்துல உங்க விசில் மட்டும்தாண்ணே இருக்கு" என்றார் ரவி.

"நிப்பாட்டுவாரு. நிப்பாட்டிட்டு இடது பக்கமா தலையத் தூக்கிப் பார்ப்பாரு. இடது பக்கம்தான் எப்பவும் கிள்ளான் ஆளுங்க நிப்போம்."

"உங்களைப் பார்க்குறதுக்கா நிறுத்துனாரு?" என்றார் புவனா. "அது ஒரு மௌனம், மணியம். பாலத்துக்கு நடுவுல நிக்கிற மனசோட மௌனம். நான் அதைப் பத்தி எழுதியிருக்கேன்."

அவர் யாரைப் பார்த்தார் என்று எனக்குத்தான் பள்ளி மண்டபத்திலிருந்தே தெரியுமே. அன்றைக்கு நானும் இடது பக்கம்தான் நின்றிருந்தேன்.

அப்புறம் என்ன? மணியம் வாயாலேயே வாசித்துக் காட்டினார். புவனா அது இல்லை என்று இன்னொரு விதமாக வாசித்தார். பின்வரிசையிலிருந்து வேறொருவர். கொஞ்ச நேரத்தில் மாடி முழுவதும் டிடிங் டிடிங் என்று ஆளுக்கொரு சுருதியில் சண்டை.

நான் தற்செயலாகத் திரும்பினேன். லீலா அக்கா எழுந்து படம் வைத்திருந்த மேசைப் பக்கம் போயிருந்தார். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்து விரல்களால் தட்ட ஆரம்பித்தார்.

டொக். டொக். டொக் டொக்.

முதலில் ஒற்றை ஒற்றையாக. பிறகு சேர்ந்து சேர்ந்து. ஒருவர் பின் ஒருவராக நாங்கள் வாயை மூடினோம். மரத்தில் விழும் விரல் சத்தம்தான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. இதோ தூறல். இதோ பிடித்துக்கொண்டது. இதோ மேலே போகிறது.

நிறுத்தினார். தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. பிறகு குனிந்து, மீதியைத் தட்டி முடித்தார்.

"அக்கா" என்றார் ரவி, மெதுவாக. "இத எப்படி..."

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து காலையில படுப்பேன் தம்பி. கட்டிலுக்குப் பக்கத்துலயே உக்காந்து வாசிப்பாரு. சத்தமெல்லாம் அவரு காதுக்குள்ள போயிரும். எனக்கு இந்த டொக் டொக் மட்டும்தான். பாட்டுன்னே எனக்குத் தெரியாது. இப்ப நீங்க எல்லாம் வாயால போட்டப்பதான், அட, நம்ம டொக் டொக் ஆச்சேன்னு..."

"அந்த நிறுத்துற எடம்?" என்றார் புவனா. குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"அதுவா? கட்டை பலமா தட்டுற எடம் அது. நான் முழிச்சிட்டேனான்னு திரும்பிப் பார்ப்பாரு. கட்டில் அந்தப் பக்கம். நான் கண்ணை மூடிக்கிட்டே கெடப்பேன்."

"ஏன்க்கா?"

"முழிச்சிட்டேன்னு தெரிஞ்சா வாசிக்கிறத நிறுத்திடுவாருலா."

மணியம் உட்கார்ந்துவிட்டார். புவனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது என்னைத்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த எனக்கும் ஒரு பெரிய இழப்புதான். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதால் டீசட்டை தையல் விடும் என்பது அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

ரவி கீபோர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். "அக்கா, நீங்க தட்டுங்க. நான் உங்க பின்னால வரேன்."

அவர் தட்டினார். ரவி பின்னால் போனார். இந்த முறை இஸ்திரி இல்லை. அங்கங்கே கசங்கியது, மூச்சு விட்டது. அது ஞானம் அண்ணே. கண்ணை மூடினால் ஸ்பீக்கரின் கோபிஸ் வாசனையே வரும் போலிருந்தது.

மேலே போகிற இடம் வந்தது. இரண்டு பேரும் நிறுத்தினார்கள். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. இத்தனை வருஷக் கூச்சலுக்கும் சேர்த்து மரியாதை காட்டிக்கொண்டிருந்தோம்.

லீலா அக்கா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.

"என்னா எல்லாரும் சும்மா இருக்கீங்க? இங்கதான கத்துவீங்க? எனக்கு அதுதான் தெரியாது. கத்துங்க, கேக்குறேன்."

கத்தினோம். முட்டி வலிக்காரர்கள், இரத்த அழுத்தக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், இரண்டு கட்சியும் சேர்ந்து. புவனா சொல்ல வேண்டியதைச் சொன்னார். மணியம் விரலை வாயில் வைத்தார். லீலா அக்கா கொஞ்சம் திடுக்கிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, மறுபடி குனிந்து தட்டினார். கடைசி வரைக்கும் தட்டினார். நாங்களும் கடைசி வரைக்கும் விடவில்லை.

கீழேயிருந்து உணவக மேனேஜர் படியேறி ஓடி வந்தார். கையில் பரிமாறும் கரண்டி. முகம் வெளுத்திருந்தது.

"ஆன்டி, என்னா ஆச்சு? யாருக்காச்சும் ஏதாவது ஆயிருச்சா?"

லீலா அக்கா மேசையிலிருந்து கையை எடுத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். "எங்க வீட்டுக்காரரு வாசிச்சு முடிச்சாரு."